பதினொரு ராடோவான்

பிரெஷோவ் நகரில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
யார்மிலா ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது எண்களை அழைக்கிறாள்.
எடுப்பவர்கள் ஒன்பது பேர்.
பேசுபவர்கள் நான்கு பேர்.
நால்வரில் ஒருவர், காப்பீடு விற்கிறாள் என்று நினைத்துப் பேசுகிறார்.

"நாளையே மேயர் தேர்தல் நடந்தால்
உங்கள் வாக்கு யாருக்கு?"
தூக்கத்திலும் இதைக் கேட்கிறாளாம்.
கணவன் சொல்லிச் சிரிக்கிறான்.
பதில் மட்டும் இதுவரை சொன்னதில்லை.

கீழே பல்லைக் குடையும் எந்திரம்,
சுவர் வழியாக ஏறி வருகிறது அதன் ஓசை.
அதற்கு மேலாக ஒருவர் உரக்க ஒரு பெயர் சொல்கிறார்.
கதவு சாத்தப்படுகிறது.
பிறகு, கிட்டத்தட்ட மூச்சாக, இன்னொரு பெயர்.
"முதலில் சொன்னது என் மாமனார் காதுக்கு."
படிவத்தில் இருப்பதோ ஒரே கட்டம்.

இன்னொருத்தி கேட்கிறாள்:
"மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?
அதையே எனக்கும் போட்டுக்கொள்."

மூன்றாம் நாள் மாலை ராடோவான் கிடைத்தான்.
பத்தொன்பது வயது. டயர் கடை.
அந்த வயதில் யாருமே போன் எடுக்காத ஊரில்
ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி எடுத்தான்.
"கால்நடை டாக்டரா, பழைய மேயரா...
ஏதோ ஒன்று. சரி, டாக்டர்."
நாற்பது நொடி.

பிறகு ஆல்பின் தராசைத் தூக்கினார்.
இளைஞர்கள் போதவில்லை. ஆகவே
ராடோவான் ஒருவனல்ல, பதினொருவன் என்றது கணக்கு.
முதியவர்கள் மிகுதி. ஆகவே
காபியை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு
குடிநீர்க் குழாய் முதல் டிராலிபஸ் வரை
இருபது நிமிடம் யோசித்து யோசித்துப் பதில் சொன்ன
முன்னாள் தபால்காரர் வின்சென்ட்
கால் மனிதர் ஆனார்.

இதில் மோசடி ஏதுமில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
ஆனால் கரண்டிக்கு அகப்படுவது
எப்போதும் மேலே கிடக்கும் சோறு.
அடியில் பிடித்தது
போனை எடுப்பதில்லை.

வியாழக்கிழமை நாளிதழில்:
டாக்டர் ஐம்பத்திரண்டு. மேயர் நாற்பத்தெட்டு.
பிழை வரம்பு மூன்று என்று
ஒரு சோபா விளம்பரத்தின் காலடியில், எறும்பு எழுத்தில்.
டாக்டரின் ஆட்கள் மதுப் புட்டிகளைப் பனிப்பெட்டியில் வைத்தார்கள்.
மேயரின் ஆட்கள் வீடு வீடாக இன்னொரு சுற்றுப் போனார்கள்.
எழுதியது நடக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள்.
எழுதியதாலேயே சில நடப்பதை
அளக்க ஒரு கருவியும் இல்லை.

சனிக்கிழமை, வாக்குப்பதிவு அன்று
ஆண்டின் முதல் பனி.
முதல் பனி விழுந்தால் ஊர் முழுவதற்கும்
அன்றைக்கே குளிர்கால டயர் வேண்டும்.
ராடோவான் முப்பத்தெட்டு கார்களைத் தூக்கி இறக்கினான்.
வாக்குச்சாவடி எதிர்த் தெருவில்தான் இருந்தது.
இந்தக் கார் முடியட்டும், இந்தக் கார் முடியட்டும் என்று
கையெல்லாம் கிரீஸோடு இருட்டிவிட்டது.

போகாதவன் ஒருவன்.
போகாமல் போனவர்கள் பதினொருவர்.

வின்சென்ட் போனார்.
தடியூன்றி, வழுக்கி, ஒருமுறை விழுந்து எழுந்து.
பெட்டி அவரை எடைபோடவில்லை.
முழு மனிதராக உள்ளே விழுந்தார்.

முந்நூற்றுப் பத்து வாக்கில் பழைய மேயரே வென்றார்.
"ஐம்பத்திரண்டு எங்கே, நாற்பத்தொன்பதரை எங்கே?"
வானொலி ஆல்பினைக் கிழித்தது.
"இரண்டரைதான் விலகல், வரம்புக்குள்தான்" என்றார் ஆல்பின்.
அவர் சொன்னது உண்மை.
அந்த உண்மையை வைத்துக்கொண்டு
யாருக்கும் எதுவும் செய்யத் தெரியவில்லை.

செவ்வாயன்று யார்மிலா டயர் மாற்றப் போனாள்.
கடை வானொலியில் இன்னும் அதே வசவு.
"யாரிடம்தான் கேட்கிறார்களோ," என்றான் பையன்,
"என்னிடம் ஒருவனும் கேட்டதில்லை."
பழைய டயரை வைத்துக்கொள்ளவா, வீசவா என்று அவள் கேட்டாள்.
"ஏதோ ஒன்று," என்றான். "சரி, வீசுங்கள்."

அவள் அந்தக் குரலை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவன் குனிந்து காற்றை அளந்தான்.
இரண்டு புள்ளி இரண்டு.
"கொஞ்சம் முன்பின் இருக்கும்," என்றான்.
"ஓட்டிப் பாருங்கள்."